பத்துப் பேர் சமையலுக்கு என்ன விலை

ஜூன் 11

உபுத்துக்குப் போய், சுற்றுலாக் குழுக்களைப் பிடித்து அனுப்பும் பாக் ஹெந்த்ரோவைப் பார்த்துவிட்டு வந்தேன். சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து இடுப்பு போயிற்று. ஹெந்த்ரோ எங்களைப் போல பாலிக்காரர் இல்லை, ஜாவாக்காரர். சிரித்துக்கொண்டே கையை முறுக்குகிற வகை. நான் வீட்டில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பது அவருக்குக் கட்டுப்படி ஆகாதாம். ஒரு வண்டி நிறைய, பத்துப் பேர் என்றால் வாரம் இருமுறை அனுப்புகிறேன் என்றார். பத்துப் பேர் வகுப்புக்கு உனக்கு என்ன செலவு ஆகும், பிரித்துச் சொல்லு என்றார்.

சொன்னேன். கோழி, பன்றி இறைச்சி, தேங்காய், மசாலா சாமான், வாழையிலை, எரிவாயு, காலையில் சந்தைக்குக் கூட்டிப்போய் வருவது, காபி, பழம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஆள் கூலி எவ்வளவு என்று கேட்டார். அது செலவில்லை பாக், அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பாங்க, வீட்டு விசேஷத்துக்கு வருவது போல என்றேன். மனுஷன் முகத்தில் விளக்கு எரிந்தது. அப்படியானால் விலையைக் குறைக்கலாமே என்றார். தலைக்கு மூன்று லட்சம் ரூபியா, அதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் திரும்பத் திரும்ப அதே கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். சந்தோஷத்தில்தான் இருக்கும்.

ஜூன் 12

புருஷன் நெங்காவிடம் சொன்னேன். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவன் திரும்பாமலே, மென் சுக்ரியிடம் கேட்டாயா என்றான். இதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் அடுத்த வாசல்.

ஜூன் 19

முதல் பெரிய வகுப்பு. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கிறார்கள். நான் ஒருத்தி எங்கே பார்ப்பேன்? மென் சுக்ரி வந்தாள், அவள் நாத்தனாரைக் கூட்டி வந்தாள், அவள் புருஷன் பான் சுக்ரி இரண்டு ஆண்களோடு வந்து கட்டையைப் போட்டு, தேங்காயும் மசாலாவும் சேர்த்துப் பிசைகிற லாவாருக்கு இறைச்சி கொத்தினார். அந்தக் கொத்துகிற சத்தம் கேட்டதும் வெள்ளைக்காரர்கள் வட்டமாக நின்று படம் எடுத்தார்கள். கோவில் விசேஷமே எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது.

வெங்காயம் உரித்த ஒரு ஆள் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டான். மென் சுக்ரி அவன் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"பாருடி, இவன் பொண்டாட்டி செத்தாகூட இவ்வளவு அழமாட்டான்."

என்ன சொல்கிறாள் என்று அவன் கேட்டான். உங்க கை நல்லா வேலை செய்யுதாம் என்று மொழிபெயர்த்தேன். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முடிந்ததும் அவர்களுக்குச் சோறும் காபியும் கொடுத்து, மீந்த லாவாரை இலையில் கட்டிக்கொடுத்தேன். விசேஷ வீட்டில் செய்வது போலவே. செலவு போக நல்ல தொகை கையில். ஜனவரியில் மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து ஸ்கூட்டரில் ஆளேற்றிப் பிழைக்கும் நெங்கா தூரச் சவாரி எடுப்பதில்லை. இனி மருந்துக்கு அவன் தங்கையிடம் கையேந்த வேண்டாம்.

ஜூன் 30

நான்கு வகுப்பு முடிந்தது. ஹெந்த்ரோ விளம்பரத்தில் மென் சுக்ரியின் படத்தைப் போட்டிருக்கிறார். கீழே, 'முழுக் கிராமமும் உங்களோடு சமைக்கும்' என்று எழுதியிருக்கிறது. அவளிடம் காட்டினேன். மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு என்றாள், அவ்வளவுதான்.

முழுக் கிராமமும். அதைப் படித்ததிலிருந்து ஒரு சின்ன உதறல். ஒரு நாள் அவர்கள் வராவிட்டால்? பத்துப் பேர் முற்றத்தில் நிற்பார்கள், நான் ஒருத்தி ஒரு உலக்கையோடு நிற்பேன்.

ஜூலை 9

மென் சுக்ரியின் பேரனுக்கு மூன்றாம் மாதச் சடங்கு, வரும் சனிக்கிழமை. குழந்தையின் கால் முதல்முறை தரையில் படும் நாள். விடியற்காலை வந்து பலகாரப் படையல் கட்ட வேண்டும் என்று வேலிக்கு மேலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். வராமல் எங்கே போவேன் என்றேன்.

பிறகுதான் பார்த்தேன். சனிக்கிழமை ஹெந்த்ரோ பன்னிரண்டு பேர் அனுப்புகிறார். சிங்கப்பூர் அலுவலகம் ஒன்றின் ஆட்கள். தேதியை மாற்றச் சொல்லிப் போன் செய்தேன். மாற்ற முடியாது, மாற்றினால் அடுத்த குழு வேறு வீட்டுக்குப் போகும் என்றார். கோபமே இல்லாமல், மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

ஜூலை 13

போகவில்லை.

கூடை நிறைய அரிசி, முட்டை, காபித்தூள், சர்க்கரை, குழந்தைக்கு ஒரு வெள்ளி அரைஞாண், எல்லாம் நெங்காவிடம் கொடுத்தனுப்பினேன். யாரும் இவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்கள். இங்கே பன்னிரண்டு பேரையும் நானும், மாமனாரை விட்டுவிட்டு ஓடிவந்த நெங்காவும் சமாளித்தோம். மீன் அடிபிடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாயாசத்துக்குத் தேங்காய்ப்பால் பிழியும்போது என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றியது. இல்லை, குழந்தையைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள்.

அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 16

வகுப்புக்கு எல்லாரும் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் ஊரில் யார் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்?

மென் சுக்ரி ஒரு கிண்டல் பேசவில்லை. "இஞ்சி இவ்வளவு போதுங்களா, இன்னும் நறுக்கணுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம். பல் முளைக்கும் முன்பிருந்தே ஒன்றாகச் சேற்றில் புரண்டவளிடம். சடங்குக்கு வர முடியவில்லை அக்கா என்று ஆரம்பித்தேன். கூடை வந்து சேர்ந்ததுங்க, ரொம்பப் பெரிய கூடை என்று சொல்லிவிட்டு நறுக்கத் தொடங்கிவிட்டாள். லாவார் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வேலிக்கல் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். மறந்துவிட்டார்களாம். ஐந்து பேரும் சேர்ந்தா மறப்பார்கள்?

ஜூலை 22

கலுங்கான் பண்டிகைக்குக் கோவிலில் படையல் கட்டும் வேலை. நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. எனக்கு நல்ல பாயாகப் பார்த்து விரித்தார்கள். காபியை முதலில் எனக்குக் கொடுத்தார்கள், விருந்தாளிக்குக் கொடுப்பது போல. இதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மாமனார் இன்று சரியாக விழுங்கவில்லை. மூச்சு நின்று நின்று வருகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் அவரைப் பற்றி நினைக்கவில்லை. அவர் போய்விட்டால் யார் வருவார்கள் என்று நினைத்தேன். சீ.

ஜூலை 24

கலுங்கான். வாசலில் மூங்கில் தோரணம் வைத்தோம். யாரும் வந்து, கோணலாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

சந்தையில் மீன்காரி சொன்னாள், எட்டாம் தேதி எங்கள் பஞ்சாரின் ஊர்ச்சபைக் கூட்டத்தில் 'அந்தச் சமையல் விஷயம்' வருகிறதாம். உனக்கு யார் சொன்னது என்றேன். எல்லாரும் பேசுகிறார்கள் என்றாள். எல்லாரும் என்றால் யார்?

ஒதுக்கிவைப்பார்களோ? வடக்கே ஒரு ஊரில் நிலத் தகராறில் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தார்கள், அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. அந்த வீட்டில் சாவு விழுந்தபோது ஊரைக் கூட்டும் குல்குல் கட்டையை யாரும் அடிக்கவில்லை. பிணத்தைத் தூக்க ஆள் இல்லாமல் மகனும் மருமகனும் காய்கறி வண்டியில் ஏற்றிப் போனார்களாம், சுடுகாட்டு வாசலில் ஊரே நின்று வழி மறித்ததாம். அம்மா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

எனக்கு மாமனார் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. காய்கறி வண்டி. எங்ககிட்ட அதுகூட இல்லையே.

ஆகஸ்ட் 8

நெங்கா கூட்டத்துக்குப் போய் வந்தான். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். நம்மைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்றான். பஞ்சார் தலைவர் மட்டும், அவரவர் வீட்டில் அவரவர் பிழைப்பு, அதில் பஞ்சாருக்குப் பேச்சில்லை என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம்.

அப்படியானால் நல்லதுதானே என்றான் நெங்கா. இந்த மனுஷனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பேன்? நமக்குப் பேச்சில்லை என்றால், நாம் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை, நான்தான் எல்லாவற்றையும் கோணலாகப் பார்க்கிறேனோ?

ஆகஸ்ட் 11

ஒரு முடிவுக்கு வந்தேன். கூலி கொடுத்துவிடுகிறேன். இதுவரை வந்த ஒவ்வொரு நாளுக்கும், உபுத்து ஓட்டல் சமையற்கட்டில் கொடுப்பதைவிட ஒரு பங்கு கூடுதலாக. கடையில் நல்ல உறைகள் வாங்கி, பெயர் எழுதி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். இரண்டு மாத லாபத்தில் முக்கால்வாசி போயிற்று. போகட்டும், மனசு லேசாகிவிடும் என்று நினைத்தேன்.

மென் சுக்ரி உறையைப் பிரித்து என் எதிரிலேயே எண்ணினாள். எங்கள் ஊரில் கொடுத்தவர் எதிரில் யாரும் எண்ணமாட்டார்கள். ஒவ்வொரு நோட்டாக, விரலை எச்சில் தொட்டு, எண்ணி முடித்துச் சொன்னாள்:

"சரியா இருக்குங்க. நமக்குள்ள இனி ஒரு பாக்கியும் இல்ல."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 12

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன். பாக்கி இருக்கும்வரைதானே அவள் வருவாள், நான் போவேன். என் பிரசவத்துக்கு அவள் வந்தாள், அவள் மகள் கல்யாணத்துக்கு நான் ஒரு வாரம் பலகாரம் சுட்டேன், அதற்குப் பதிலாக அவள் என் கூரை மாற்ற ஆள் அனுப்பினாள். இது என்றைக்கும் நேராகாத கணக்கு. நேராகக் கூடாது. நான் போய் உறை வாங்கி நேராக்கிவிட்டு வந்தேனே! நல்ல உறை. பூப்போட்டது.

ஹெந்த்ரோ கேட்டபோது செலவில்லை என்று சொன்னதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செலவு இருந்தது, நான் கூலி என்று நினைத்தேன். கூலியும் இல்லை அது.

ஆகஸ்ட் 25

கியான்யார் டவுனிலிருந்து கூலிக்கு மூன்று பெண்களைப் பிடித்தேன். அவர்களுக்குச் சம்பளம், வந்துபோக வண்டிச் செலவு, மதியச் சாப்பாடு. எல்லாம் சேர்த்தால் தலைக்கு மூன்று லட்சத்தில் என் கையில் நிற்பது ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடக் காணாது. ஹெந்த்ரோவிடம் விலையை ஏற்றச் சொன்னேன். பக்கத்து ஊரில் இதே விலைக்கு, இன்னும் நிறையப் பேர் கூடிச் சமைக்கும் வீடு ஒன்று கிடைத்திருக்கிறதாம். அங்கேயும் அக்கம்பக்கத்தார் சும்மா வருகிறார்களாம். அந்த வீட்டுக்காரியை நினைத்துப் பயமாக இருந்தது. போன் நம்பர் கேட்டேன், தரமாட்டேன் என்றார். நான் ஆளைக் கலைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மாமனார் என்னைப் பார்த்து, இன்று கொத்துகிற சத்தமே கேட்கவில்லையே என்று குழறிக் குழறிக் கேட்டார்.

செப்டம்பர் 5

மாமனார் போய்விட்டார். காலையில், நெங்கா முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது.

எனக்கு அழுகை வரவில்லை, காதுதான் விழித்துக்கொண்டது. நெங்கா தலைவர் வீட்டுக்கு ஓடினான். நான் கிழக்கு மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குல்குல் அடிக்குமா, அடிக்குமா என்று. அடிக்க நேரமாயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, என் உள்ளங்கையில் தூணின் சித்திர வேலை பதிந்துவிட்டது.

அடித்தார்கள். அப்போதுதான் அழுதேன். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டிருந்தால் அவருக்காக என்று நினைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 6

வந்தார்கள். வராமல் இருக்க முடியாது, சாவுக்கு வராவிட்டால் அபராதம். ஆண்கள் மூங்கில் வெட்டினார்கள், பெண்கள் இலை தைத்தார்கள். மாமனாரைக் குளிப்பாட்ட எத்தனை கை வேண்டுமோ அத்தனை கை. ஒரு குறை சொல்ல முடியாது. காபி கொடுத்தால், வேண்டாங்க, வீட்டிலேயே குடிச்சிட்டோம் என்றார்கள்.

வேலை முடிந்ததும் எழுந்தார்கள், கும்பிட்டார்கள், போய்விட்டார்கள். சாவு வீட்டில் பிணத்தைத் தனியே விடமாட்டோம். சீட்டாடிக்கொண்டு, வம்பு பேசிக்கொண்டு, தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு அபராதம் கிடையாது, அது அவரவர் விருப்பம். நெங்கா வாசலைப் பார்த்துக்கொண்டே சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கினான். நானும் அவனும் மாமனாரும்.

நாளை மறுநாள் அடக்கம், நாள் பார்த்தாயிற்று. தூக்க வருவார்கள். கடமைக்குத் தூக்குவார்கள். அதன் பிறகு? நெங்கா போனால்? நான் போனால்?

செப்டம்பர் 7

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

மத்தியானம் எதுவும் யோசிக்காமல் எழுந்து மென் சுக்ரி வீட்டுக்குப் போனேன். தீட்டுக்காரி என்று உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். ஆனால் அவள் எழுந்து வந்து, என்னங்க வேணும் என்று கேட்டதும் வேறு ஒன்று வாயில் வந்துவிட்டது.

"அக்கா, தேங்காய் இருந்தா குடேன். பத்து வேணும். எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

என் முற்றத்தில் தேங்காய் மலையாகக் குவிந்து கிடக்கிறது. காலையில் அவள் கணவர்தான் இறக்கிப் போட்டார். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே வேலிக்கு மேல் தெரியும். பார்த்தாள். நன்றாக, கழுத்தை நீட்டி, பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அப்படி ஒரு பயம் என் ஆயுசில் பட்டதில்லை, பிரசவத்தில்கூட.

உள்ளே போனாள். கதவு மறைவில் சத்தமே இல்லை. போகச் சொல்கிறாள் என்று திரும்பியபோது கூடையோடு வந்தாள். எண்ணவில்லை, அள்ளிப் போட்டிருந்தாள். என் தலையில் தூக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கடன்தான் இது, ஞாபகம் வச்சுக்கோ. காசை எடுத்துக்கிட்டு வாசப்படி ஏறினே, முதுகுத்தோலை உரிச்சு லாவார்ல போட்டுடுவேன்டி."

சுமையோடு நடக்கும்போது கண் மறைத்தது. எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது.

விளக்கு வைத்த பிறகு பான் சுக்ரி வந்தார். பின்னால் இரண்டு பேர், பிறகு ஆறு ஏழு பேர். சீட்டுக்கட்டு எங்கே என்றார். மென் சுக்ரி என் அடுப்பங்கரைக்குள் நுழைந்து, இந்த வீட்டில் காபித்தூள் எங்கே வைக்கிறார்கள் என்று தெரியாதவள் போல ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, எதுவும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 8

மாமனாரைத் தூக்கிப் போனார்கள். முக்கூட்டில் பாடையை மூன்று சுற்றுச் சுற்றும்போது ஆண்கள் கத்தின கத்தலில் நாய்கள் ஓடின. நன்றாகச் சத்தம் போட்டார்கள்.

அக்டோபர் 14

தீட்டு கழிந்து இன்று முதல் வகுப்பு. ஹெந்த்ரோ இல்லாமல். நான்கு பேர், அதற்கு மேல் கிடையாது. தலைக்கு ஐந்து லட்சம். நானே அரைத்து நானே கழுவுகிறேன். அதிகம் என்று இரண்டு பேர் வராமல் போனார்கள். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அன்று வகுப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களின் காசும் இந்த ஐந்து லட்சத்துக்குள் இருக்கிறது. ஏன் இவ்வளவு விலை என்று ஒரு ஜெர்மன்காரி கேட்டாள். சாமான் விலை ஏறிவிட்டது என்றேன். வேறு என்ன சொல்வது?

பயம் முழுக்கப் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்னும் ஒரு நொடி கை நிற்கிறது.

நெங்கா இன்று, மென் சுக்ரி வீட்டுத் தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே என்றான். இல்லை என்றேன். சந்தையிலிருந்து வாங்கி வரட்டுமா என்றான்.

வாங்கி வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றேன்.